வாசல்வரை 12 வோல்ட், வீட்டுக்குள்ளேயே 230: கிறிஸ்துமஸ் லைட் வாங்கும் முன்

கேள்வி: சார், தூத்துக்குடியில் புது வீடு கட்டிக் குடிவந்து இது முதல் கிறிஸ்துமஸ். மாடிக் கைப்பிடிச் சுவர், இரும்பு கேட், வாசலில் நிற்கிற வேப்பமரம் மூன்றிலும் லைட் போட ஆசை. உள்ளே குடிலும் சவுக்கு மரமும் வைப்போம். வாடகை வீட்டில் இருந்தபோது வாங்கிய சீரியல் செட்டெல்லாம் ஒரே மழையில் போய்விட்டது. கூடவே வீட்டு மெயினும் விழுந்துவிட்டது. கடையில் கேட்டால், இப்போது எல்லாமே எல்இடிதான், ஷாக் அடிக்காது என்கிறார்கள். எதை எங்கே போடலாம்?

பதில்: மெயின் விழுந்ததே உங்கள் நல்ல நேரம். அது விழாமல் இருந்திருந்தால்தான் நான் பயப்படுவேன்.

"எல்இடி, ஷாக் அடிக்காது" என்ற பேச்சை முதலில் சரிசெய்துவிடுவோம். ஒரு எல்இடி எரிய 2 அல்லது 3 வோல்ட் போதும், அது உண்மை. ஆனால் ப்ளக்கில் நேரே சொருகுகிற சாதாரண சீரியல் செட்டில் அந்தச் சின்ன பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, மொத்த வரிசையையும் வீட்டின் 230 வோல்ட் லைனில் கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு பல்பும் தன் பங்குக்கு 2, 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கிற குழந்தை அந்த வயரில் மேலுறை கிழிந்த இடத்தைத் தொட்டால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எந்த இடத்தில் தொடுகிறது என்பதைப் பொறுத்து ஏறக்குறைய முழு 230-ம் அதன் மேல் பாயலாம்.

மழையில் செத்துப்போன அந்தச் செட் இன்னும் கையில் இருந்தால், ப்ளக்கில் இருந்து முற்றிலும் கழற்றிவிட்டு, நடுவில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து பாருங்கள். தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, அதிலிருந்து நூல் மாதிரி நாலைந்து வயர். இரண்டு மூடிகளும் சும்மா அழுத்தி வைத்தவைதான், தண்ணீரைத் தடுக்க உள்ளே ரப்பர் எதுவும் இருக்காது. அப்புறம் ஒரு பல்பின் பிளாஸ்டிக் தொப்பியை மெல்லக் கழற்றுங்கள். எல்இடியின் இரண்டு கம்பிக் கால்களும் வயரோடு சேருகிற இடத்தில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். தூத்துக்குடியில் மழை பெய்யாவிட்டாலும் உப்புக்காற்றே இந்த வேலையைச் செய்துவிடும். அந்தக் களிம்பு ஈரமானால் கரண்ட் சுவருக்கும் கேட்டுக்கும் கசியத் தொடங்கும். உங்கள் மெயின் விழுந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே கடையில் எத்தனை பல்பு, எத்தனை கலர், எத்தனை மோடு என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 230 வோல்ட் எங்கே நிற்கிறது? வெளியே போடுகிற எந்த லைட்டுக்கும் அது வீட்டுக்குள்ளேயே, அடாப்டரில் நின்றுவிட வேண்டும். அடாப்டரைத் தாண்டி வெளியே போவது 12, 24 அல்லது 31 வோல்ட்டாக இருக்கட்டும். அந்த வயர் அறுந்து தண்ணீரில் விழுந்தாலும் லைட் அணையும், அவ்வளவுதான்.

அடாப்டரையும் பார்த்து வாங்குங்கள். அதன் முதுகில் பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா, சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சதுரக் குறி இரட்டைக் காப்பு உள்ளது என்பதைச் சொல்கிறது. லேபிளே இல்லாத அடாப்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். 230-க்கும் உங்கள் கேட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே தடுப்பு அதுதான்.

செட்டின் பெட்டியில் ஐ.பி. என்று எழுதி இரண்டு இலக்கம் போட்டிருப்பார்கள். முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐ.பி. 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை, வீட்டுக்குள் மட்டும். ஐ.பி. 44 சாரலைத் தாங்கும், போர்ட்டிகோவுக்குப் போதும். திறந்த மாடிக்கும் மரத்துக்கும் ஐ.பி. 65-க்குக் குறைந்து வாங்காதீர்கள். நம் பக்கம் டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழையின் கடைசிக் கட்டம். 2023-இல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியதை உங்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. இதே காரணத்தால் சோலார் செட்டையும் டிசம்பருக்கு நம்பாதீர்கள். நாள் முழுக்க மேகம் மூடியிருந்தால், கேரல் பாடுகிறவர்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது அது அணைந்திருக்கும்.

இனி மாடிக் கைப்பிடிச் சுவர். அங்கே ஸ்ட்ரிப் லைட், அதாவது எல்இடி பதித்த நாடாதான் அழகு, நேர்க்கோடாக விளிம்பு முழுக்க ஓடும். மேலே சிலிக்கோன் பூசிய ரகம் வாங்குங்கள். 15 மீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 4.8 வாட் ரகம் என்றால் மொத்தம் 72 வாட். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். அடாப்டரை விளிம்புவரை வேலை வாங்கக் கூடாது, கால் பங்காவது கூடுதலாக, 8 ஆம்பியருக்கு வாங்க வேண்டும்.

பலர் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில். 5 மீட்டர் சுருள் மூன்றையும் வாலோடு தலை சேர்த்து ஒரே நீளமாக ஒட்டிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் பளிச்சென்று எரிகிற ஸ்ட்ரிப் கடைசி மீட்டரில் மங்கி, வெள்ளைகூட மஞ்சளடித்துவிடும். மூன்றுக்கும் தனித்தனியாக அடாப்டரிலிருந்து வயர் இழுங்கள். அந்த வயரிலும் நஷ்டம் உண்டு. 1 சதுர மில்லிமீட்டர் வயரை 10 மீட்டர் இழுத்து மூன்று சுருளுக்கும் சேர்த்து 6 ஆம்பியர் அனுப்பினால், 12-இல் 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துவிடும். அடாப்டர் வீட்டுக்குள், சுவர் மாடியில் என்கிற உங்கள் வீட்டுக்கு 24 வோல்ட் ஸ்ட்ரிப்தான் என் தேர்வு. அதே வெளிச்சத்துக்குப் பாதி ஆம்பியர், வழியில் கரைகிற வோல்ட்டும் பாதி.

ஸ்ட்ரிப்பை வெட்டினால் கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். வெட்டிய வாய் திறந்தே கிடந்தால் ஐ.பி. 65 அந்த நிமிடமே போய்விட்டது, மூடி மாட்டி சிலிக்கோன் வைத்து அடைக்க வேண்டும். அடைக்கிற சிலிக்கோன் வினிகர் வாடை அடித்தால் வேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். கடையில் 'நியூட்ரல்' என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்டைப் பற்றி நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் கேட்டைத் தொட்டால் சுரீரென்கிறது என்று கூப்பிட்டார்கள். டெஸ்டரை இரும்பில் வைத்ததும் எரிந்தது. கீல் பக்கம் குனிந்து பார்த்தால், சீரியல் வயர் கேட்டுக்கும் தூணுக்கும் நடுவில் மாட்டி, திறந்து மூடித் திறந்து மூடி மேலுறை கிழிந்திருக்கிறது. உள்ளே இருந்த செம்பு நாலு இழை வெளியே வந்து இரும்பில் படிந்திருக்கிறது. அன்று சாயங்காலம் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பிள்ளைகள் நின்றிருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்குக் கை சில்லிடும். அதனால் கேட்டின் கதவில் எந்த லைட்டும் வேண்டாம். இரண்டு பக்கத் தூண்களில் சுற்றுங்கள், அதுவும் அடாப்டர் செட் மட்டும். தெருவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு வாசல் அதே அழகுதான்.

வேப்பமரத்துக்குக் கயிறு போலச் சுற்றுகிற ஐ.பி. 65 அடாப்டர் செட் போதும். தண்டிலும் முதல் கவட்டை வரையிலும் நெருக்கமாகச் சுற்றுங்கள். கிளை நுனிகளுக்குப் போகாதீர்கள், காற்றில் ஆடி வயர் இழுபடும். ஆணி அடிக்காமல் துணிநாடாவால் தளர்வாகக் கட்டினால் மரத்துக்கும் நல்லது, வயருக்கும் நல்லது. கிளைக்குப் பக்கத்தில் இ.பி. லைன் போனால் கல்லைக் கட்டி வயரை மேலே வீசுகிற வேலையே கூடாது. அந்தப் பக்கத்துக் கிளைகளை இருட்டாகவே விட்டுவிடுங்கள்.

வாசலில் தொங்கவிடுகிற காகித ஸ்டாருக்குள் மட்டும் பெரும்பாலும் 230 வோல்ட் ஹோல்டர்தான் வரும். ஆகவே அதைத் திறந்த வெளியில் தொங்கவிடாமல் போர்ட்டிகோவின் கூரைக்கடியில், பிள்ளைகளுக்குக் கை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பழைய 40, 60 வாட் குண்டு பல்பு காகித ஸ்டாரைக் கருக்கிவிடும். 5 வாட் எல்இடி தாராளம். மஞ்சள் வெளிச்சம், அதாவது பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று போட்டது, காகிதத்தின் கத்தரிப்பு வேலையை எடுத்துக் காட்டும். 6500 போட்ட வெள்ளை அந்த வேலைப்பாட்டை வெளிறச் செய்துவிடும். வெளியிலிருந்து சுவிட்ச் போர்டுக்கு வருகிற எந்த வயரையும் ஓட்டைக்குள் நுழையும் முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஓடிவருகிற மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், போர்டுக்குள் போகாது.

உள்ளே வந்தால் விஷயம் எளிது. குடிலில் வைக்கோல் இருக்கிறது, அதனால் சூடாகிற பழைய ரைஸ் பல்பு கூடவே கூடாது. செம்புக் கம்பியில் மணி மணியாக இருக்கிற 5 வோல்ட் செட் வாங்குங்கள். விரலால் வளைத்த இடத்தில் நிற்கும், மாட்டுக்கொட்டகையின் இறவாரத்தில் ஒளித்து வைக்கலாம். பாலனின் தலைக்கு மேலே ஒரு மஞ்சள் புள்ளியும் மேய்ப்பர்கள் பக்கம் அரையிருட்டும் இருந்தால் குடிலுக்கு உயிர் வந்துவிடும். எல்லா மூலையிலும் வெளிச்சம் போட்டால் பொம்மைக்கடை மாதிரி ஆகிவிடும். பவர் பேங்கில் ஓட்ட நினைத்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தச் செட் எடுக்கிற கரண்ட் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும். போன் சார்ஜரே நல்லது.

சவுக்கு மரத்தை ஈரமணல் வாளியில் நட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸை வாளியிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரு வாரத்தில் இலை காய்ந்துவிடும் என்பதால் இங்கேயும் எல்இடிதான். 5 அடி மரத்துக்கு 200 முதல் 300 பல்பு சரியாக வரும். ப்ளக் முனையைக் கீழே வைத்துத் தொடங்கி, தண்டை ஒட்டி உள்ளே ஒரு சுற்று, கிளை ஓரமாக வெளியே ஒரு சுற்று என்று மேலே போங்கள். உள்ளே வெளிச்சம் இருந்தால்தான் சவுக்கின் மெல்லிய இலைகள் மினுங்கும். மோடு பட்டனை அழுத்தி, மினுக்காமல் நின்று எரிகிற மோடுக்கு மாற்றிவிடுங்கள். வேகமாக மினுக்குகிற வெளிச்சம் வலிப்பு உள்ள சிலருக்கு ஆகாது, மற்றவர்களுக்கும் அரை மணியில் கண் வலிக்கும்.

புது வீடு என்றீர்கள். மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் லைனை அறுக்கிற சுவிட்ச் இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 'டி' என்று போட்ட டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். சீரியல் செட்டின் இரண்டு முள் ப்ளக்கில் எர்த் கிடையாது. ஆனாலும் கரண்ட் ஒருவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால் இது கண்டுபிடித்து அறுத்துவிடும். ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டும் விழுகிற வெறும் எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது.

மின்கட்டணத்தை நினைத்து யோசிக்க வேண்டாம். அந்த 72 வாட் ஸ்ட்ரிப்பை இரவுக்கு 5 மணி நேரம் வீதம் 30 நாள் எரித்தால் 11 யூனிட்கூட வராது.

வாங்கி வந்த செட்டை நேரே மாடிக்குக் கொண்டுபோகாமல், ஒரு சாயங்காலம் முழுக்கத் தரையில் விரித்து எரியவிட்டு, அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் மாற்றிவிடுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து கழற்றும்போது ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, ஒரு நாள் நிழலில் உலர்த்தி, அட்டையில் சுற்றி வையுங்கள். எந்த அடாப்டர் எந்தச் செட்டுக்கு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அதனோடேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த டிசம்பரில் 24 வோல்ட் அடாப்டரை 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மாட்டினால் அது ஒரு நிமிடம்கூடத் தாங்காது.