தண்டர்பேர்ட் என்ற மெயில் ஆப்பில் ஜிமெயில் பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிரவுசரில் அதே பாஸ்வேர்ட் வேலை செய்கிறது. அக்கவுண்ட்டை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கலாமா?

நீக்காதீர்கள். பாஸ்வேர்டையும் மாற்றாதீர்கள். இந்தக் கேள்விக்கு எங்கே பார்த்தாலும் முதல் யோசனையாக வருவது இந்த இரண்டும்தான். இரண்டுமே உள்ள சிக்கலைப் பெரிதாக்கும்.

பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த அக்கவுண்ட் என்றோ, பழைய கம்ப்யூட்டரிலிருந்து புரொஃபைலை (மெயிலும் செட்டிங்ஸும் இருக்கும் ஃபோல்டர்) அப்படியே எடுத்துவந்து வைத்தீர்கள் என்றோ எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் முதலில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், அந்த அக்கவுண்ட்டின் கீழே சர்வர் செட்டிங்ஸைத் திறந்து, மேலே சர்வர் டைப் என்ன என்று பாருங்கள். ஐமேப் என்றால் மெயில் எல்லாம் கூகுளிடம் இருக்கிறது, பயமில்லை. பாப் (மெயிலைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்று இருந்தால் நிதானம் தேவை. 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' டிக் இல்லாமல் ஓடிய பாப் அக்கவுண்ட் என்றால், இத்தனை வருட மெயிலும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் மட்டும்தான் இருக்க வாய்ப்பு. அக்கவுண்ட்டை நீக்கும்போது 'ரிமூவ் மெசேஜ் டேட்டா' என்று ஒரு டிக் பெட்டி வரும். அதையும் சேர்த்து அழுத்திவிட்டால் எல்லாம் போய்விடும். லாகின் பிரச்சினையில் தொடங்கி மெயிலையே இழப்பது இந்த இடத்தில்தான்.

இப்போது காரணம். பாஸ்வேர்ட் தப்பு என்று அந்தப் பெட்டி சொல்கிறதே தவிர, தப்பு பெரும்பாலும் பாஸ்வேர்டில் இல்லை. அதைக் கொடுக்கும் முறையில் இருக்கிறது. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில், வெறும் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்து வெளி மெயில் ஆப்கள் நுழைவதைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. ஹாட்மெயில், அவுட்லுக்.காம் முகவரிகளுக்கு மைக்ரோசாஃப்ட் இதையே 2024 செப்டம்பர் 16-ல் செய்தது. இப்போது இருக்கும் முறைக்குப் பெயர் ஓஆத் 2. இதில் மெயில் ஆப்புக்கு உங்கள் பாஸ்வேர்ட் தெரியவே தெரியாது. கூகுளின் லாகின் பக்கம் தனி ஜன்னலில் திறக்கும். நீங்கள் அங்கே நுழைந்து அனுமதி கொடுத்ததும், கூகுள் அனுமதிச் சீட்டு போன்ற ஒரு டோக்கனை ஆப்பிடம் கொடுக்கும். ஆப் 'நார்மல் பாஸ்வேர்ட்' முறையிலேயே நின்றுவிட்டால், எத்தனை முறை சரியாக டைப் செய்தாலும் 'இன்வேலிட் கிரெடென்ஷியல்ஸ்' என்றுதான் பதில் வரும். 'அப்ளிகேஷன் ஸ்பெசிஃபிக் பாஸ்வேர்ட் ரெக்வயர்டு' என்று வந்தால், கணக்கில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் (பாஸ்வேர்டோடு ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பு) போட்டிருக்கிறது, ஆப் இன்னும் பழைய முறையில் தட்டுகிறது என்று பொருள். செய்தியை முழுக்கப் படியுங்கள், பாதி பதில் அதிலேயே இருக்கும்.

சரிசெய்யும் வரிசை இது. ஐமேப் அக்கவுண்ட் என்றால் சர்வர் செட்டிங்ஸில் சர்வர் பெயர் ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, கனெக்‌ஷன் செக்யூரிட்டி எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் என்று இருக்க வேண்டும். யூசர்நேமில் அட் ஜிமெயில்.காம் வரை முழு முகவரி வேண்டும். ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் நார்மல் பாஸ்வேர்ட் என்பதை ஓஆத் 2 என்று மாற்றுங்கள். அடுத்து, இடது பட்டியலில் அடிமட்டத்தில் 'அவுட்கோயிங் சர்வர்' இருக்கும். பலர் விட்டுவிடும் இடம் இது. மெயில் வருகிறது, ஆனால் அனுப்பினால் 535 5.7.8 என்று எரர் வருகிறது என்றால், உள்ளே வரும் பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு வெளியே போகும் பக்கத்தைத் தொடவில்லை என்று அர்த்தம். அங்கே சர்வர் பெயர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். போர்ட்டும் செக்யூரிட்டியும் ஜோடி மாறினால் இணைப்பே நடக்காது. இங்கேயும் ஓஆத் 2.

பிறகு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. அங்கே 'அக்செப்ட் குக்கீஸ் ஃபிரம் சைட்ஸ்' டிக் ஆகியிருக்க வேண்டும். மெயில் ஆப்புக்கு எதற்குக் குக்கீ என்று அணைத்துவைத்தவர்கள் நிறையப் பேர். கூகுளின் லாகின் ஜன்னல் தண்டர்பேர்டுக்கு உள்ளேயே திறக்கிறது, குக்கீ இல்லாவிட்டால் அதில் லாகின் நிறைவேறாது. முகவரியைக் கொடுத்ததும் அதே பக்கமே மறுபடி வந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். அதே பக்கத்தில் சற்றுக் கீழே 'சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்'. ஐமேப், எஸ்எம்டிபி என்று தொடங்கும் ஜிமெயில் வரிகளையும், ஓஆத் என்று தொடங்கும் கூகுள் வரியையும் நீக்குங்கள். மற்ற அக்கவுண்ட்டின் வரிகளைத் தொட வேண்டாம். தண்டர்பேர்டை முழுக்க மூடித் திறந்து 'கெட் மெசேஜஸ்' அழுத்தினால் லாகின் ஜன்னல் வரும். எல்லாம் முடிந்தபின் அதே பட்டியலில் ஓஆத் வரியில் நீளமாக ஏதோ எழுத்துக்கூட்டம் இருக்கும். அது டோக்கன். உங்கள் பாஸ்வேர்ட் இல்லையே என்று அதை அழிக்காதீர்கள்.

பாஸ்வேர்டை மாற்றாதீர்கள் என்று ஏன் சொன்னேன் என்றால், கூகுள் பாஸ்வேர்டை மாற்றிய கணமே ஏற்கெனவே எடுத்துவைத்த ஆப் பாஸ்வேர்டுகள் (ஆப்களில் போடுவதற்கென்று கூகுள் உருவாக்கித் தரும் தனி பாஸ்வேர்டுகள்) செத்துவிடும். ஜிமெயிலுக்கான டோக்கன்களும் ரத்தாகிவிடும். ஒரு கம்ப்யூட்டரில் இருந்த பிரச்சினையை எல்லாக் கருவிகளுக்கும் பரப்பிய கதையாகிவிடும். கணக்கை வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் அது வேறு விஷயம். அப்போது தாமதிக்காமல் மாற்ற வேண்டும். அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை.

ஒரு ஆப் பாஸ்வேர்ட் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. வேலை செய்யும், மறுக்கவில்லை. 16 எழுத்து, நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள், இடைவெளி இல்லாமல் ஒட்டவையுங்கள். அவுட்லுக் 2010 போன்ற ஓஆத் தெரியாத ஆப்களில் ஜிமெயிலுக்கு அதைவிட்டால் வழியில்லை. ஆனால் அந்த 16 எழுத்து யார் கையில் கிடைத்தாலும், ஓடிபி எதுவும் கேட்காமல் மெயில்பாக்ஸ் திறந்துவிடும். ஓஆத் இருக்கும் ஆப்பில் அதைப் போடுவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அவுட்லுக் 2010-ல் ஹாட்மெயில் வைத்திருப்பவர்களுக்கு ஆப் பாஸ்வேர்டும் இப்போது உதவாது. வேறு ஆப்புக்கு மாறத்தான் வேண்டும்.

ஆப் பாஸ்வேர்ட் எடுக்க டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டிருக்க வேண்டும், அதற்குப் பெரும்பாலும் போன் நம்பரைத்தான் கொடுப்போம். இந்த இடத்தில் சிக்கிக்கொள்பவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், கேள்விக்கு நேரடித் தொடர்பு இல்லை என்றாலும். பரீட்சை அப்ளிகேஷன் போட, பான் கார்டு எடுக்க என்று பிரவுசிங் சென்டருக்குப் போகிறவர்களுக்கு அங்கேயே ஒரு மெயில் ஐடி உருவாக்கித் தருகிறார்கள். ரெக்கவரி நம்பராகக் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுவிடுகிறார். பாஸ்வேர்ட் பெயரும் பிறந்த வருடமும், அல்லது எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட். ஐந்து வருடம் கழித்து ஹால் டிக்கெட்டும் வேலை உத்தரவும் அந்த ஐடிக்குத்தான் வருகிறது, உள்ளே போக வேண்டுமானால் ஓடிபி கடைக்காரரின் போனுக்குப் போகிறது. கடையே மூடியிருந்தால் கேட்க ஆளில்லை. எல்லாக் கடைக்காரரையும் சொல்லவில்லை, பொறுமையாக வாடிக்கையாளரின் நம்பரைக் கேட்டுப் போடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இது ஒரு மனிதரின் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வதற்குச் சமம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஐடி இருந்தால், உள்ளே நுழைய முடிகிற இன்றே ரெக்கவரி நம்பரையும் ரெக்கவரி மெயிலையும் மாற்றிவிடுங்கள்.

தமிழில் டைப் செய்பவர்களுக்கென்றே இன்னொரு சிக்கல் உண்டு. லாகின் பெட்டி வரும்போது கீபோர்ட் தமிழ்99-ல் இருந்தால், ஹெச் தட்டும்போது க விழும், எம் தட்டும்போது ர விழும். பெட்டியில் தெரிவது எல்லாமே கறுப்புப் புள்ளிதான், அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. எ-கலப்பை போன்ற தமிழ் டைப்பிங் மென்பொருள்களை எப்போதும் ஓடவிட்டிருப்பவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். நோட்பேடைத் திறந்து பாஸ்வேர்டைக் கண்ணுக்குத் தெரியும்படி ஒருமுறை டைப் செய்து பாருங்கள். எழுத்து சரியாக விழுந்தால் பிறகு பெட்டிக்குப் போங்கள். டைப் செய்ததை அழித்துவிட்டு நோட்பேடை சேவ் செய்யாமல் மூடுங்கள்.

ஜிமெயில் இல்லை, கம்பெனிப் பெயரில் சொந்த டொமைன் மெயில் என்றால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் நார்மல் பாஸ்வேர்டேதான். யூசர்நேமாக முழு முகவரியைக் கொடுக்க வேண்டும், அட்டுக்கு முன்னால் இருப்பதை மட்டும் கொடுத்தால் நுழையாது. சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு ஹோஸ்டிங் சர்வர் (உங்கள் கம்பெனி மெயிலை வைத்திருக்கும் சர்வர்) உங்கள் ஐபி முகவரியையே (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கொஞ்ச நேரம் பூட்டிவிடும். தண்டர்பேர்ட் 10 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் போய்த் தட்டுவதால், பழைய பாஸ்வேர்டோடு ஒரு போனோ லேப்டாப்போ மூலையில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பூட்டு திறக்கவே திறக்காது. ஆபீஸில் எல்லாருக்கும் வெளியே தெரிவது ஒரே ஐபி என்பதால், ஒருவரின் பழைய பாஸ்வேர்ட் பத்துப் பேரை வெளியே நிறுத்தும். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: வைஃபையை விட்டு, போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் நுழைந்தால் பாஸ்வேர்ட் சரி, ஐபிதான் பூட்டப்பட்டிருக்கிறது. எல்லாக் கருவிகளிலும் மெயிலை ஆஃப்லைனில் போட்டுவிட்டு, ஹோஸ்டிங்காரரிடம் ஐபியைச் சொல்லித் திறக்கச் சொல்லுங்கள்.

செர்டிஃபிகேட் பற்றிய எரர் வந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் பாதுகாப்பான இணைப்பு எதுவுமே நடக்காது. ஆனால் அப்போது பிரவுசரும் சேர்ந்து முரண்டு பிடிக்கும். உங்களுக்குப் பிரவுசர் ஓடுகிறது, அதனால் இது இல்லை. பிரவுசரில் எல்லாம் சரி, மெயில் ஆப்பில் மட்டும் செர்டிஃபிகேட் எரர் என்றால் ஆன்டிவைரஸின் மெயில் ஸ்கேனைச் சற்று நேரம் அணைத்துப் பாருங்கள்.

எல்லாம் சரியாகிச் சில நாள் கழித்து 'டூ மெனி சைமல்டேனியஸ் கனெக்‌ஷன்ஸ்' என்று வந்தால் லாகினை மறுபடி நோண்ட வேண்டாம். ஜிமெயில் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புதான் கொடுக்கும். தண்டர்பேர்ட் ஒன்று 5 வரை பிடித்துக்கொள்ளும். மூன்று கம்ப்யூட்டரில் ஒரே கணக்கு என்றால் 15-உம் தீர்ந்தது, நான்காவதாக வரும் போன் வெளியே நிற்கும். சர்வர் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு அழுத்தினால் 'மேக்ஸிமம் நம்பர் ஆஃப் சர்வர் கனெக்‌ஷன்ஸ் டு கேஷ்' என்று இருக்கும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அதை 2 ஆக்கிவிட்டுத் தண்டர்பேர்டை மூடித் திறங்கள்.