ஆங்கிலத்தின் ‘ஆ’ தமிழின் ‘ஆ!’விலிருந்து போனதா?

ஏ, டபிள்யூ, இ ஆகிய மூன்று எழுத்துகளால் எழுதப்பட்டு, ஏறக்குறைய ‘ஆ’ என்றே ஒலிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது நம்முடைய ‘ஆ!’ என்னும் வியப்பொலியிலிருந்து சென்றதா, அதன் சரியான பொருள் என்ன, தமிழில் அதற்கு ஒரே சொல் உண்டா என்பவை உங்கள் மூன்று கேள்விகள்.

முதல் கேள்விக்கு விடை எளிது: இல்லை. இன்றைய ஒலிப்பை மட்டும் வைத்துப் பார்ப்பதால் வரும் மயக்கம் இது. அந்தச் சொல்லுக்குள் ஒரு காலத்தில் ‘க’கர ஒலி இருந்தது. ஸ்காண்டிநேவியர்கள் இங்கிலாந்தில் குடியேறியபோது கொண்டுவந்த பழைய நோர்ஸ் மொழியின் ‘அகி’ என்ற சொல்லே அதன் மூலம். அச்சம், திகில் என்பது அதன் பொருள். பழைய ஆங்கிலத்திலும் அதே பொருளில் ‘எகெ’ என்ற உறவுச் சொல் இருந்தது. இவற்றின் பழைய உறவு மொழியான கோதிக்கில் ‘அகிஸ்’ இருந்தது. நாளடைவில் நடுவிலிருந்த ‘க’கரம் இளகி, வகரமாகி, கடைசியில் உயிரொலியோடு கரைந்துபோனது. சட்டத்தைக் குறிக்கும் ‘லா’ என்ற ஆங்கிலச் சொல்லும் இப்படித்தான் ‘லகு’ என்ற வடிவிலிருந்து தேய்ந்து வந்தது. ஆகவே இரண்டு ‘ஆ’க்களும் வேறு வேறு வழியில் வந்து தற்செயலாக ஓரிடத்தில் சந்தித்தவை. உலகின் எல்லாச் சொற்களுக்கும் தமிழ் வேர் காட்டும் நண்பர்கள் என்மீது வருத்தப்படக்கூடும்; பழைய வடிவத்தைப் பார்க்காமல் வேர் சொல்வதைவிட அந்த வருத்தத்தை ஏற்றுக்கொள்வது எனக்கு எளிது.

இரண்டாம் கேள்விதான் சுவையானது. பிறப்பால் அந்தச் சொல்லில் வியப்பே கிடையாது, அச்சம் மட்டுமே உண்டு. அது பெரும்பாலும் கடவுளின் முன்னும் மன்னனின் முன்னும் நிற்பவனுடைய அச்சத்தைக் குறிக்கப் பயன்பட்டதால், மெல்ல மெல்ல வணக்கமும் அதில் ஏறியது. பேருருக் கொண்ட மலை, புயல், விண்மீன்கள் நிறைந்த வானம் ஆகியவற்றின் முன் நிற்கும் உணர்வுக்கு அது பெயரானது அதற்கும் பின்னர்தான். 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் நான்காம் சங்கீதத்தின் ஒரு வரி, இந்த ‘ஆ’வில் நின்று பாவம் செய்யாதிருங்கள் என்று கட்டளையிடுகிறது. அதே இடத்தில் நம் பழைய தமிழ் விவிலியம் ‘கோபங்கொண்டாலும்’ என்கிறது. மூல எபிரேயச் சொல்லுக்கு நடுங்குதல், கொந்தளித்தல் என்று பொருள் இருப்பதால், ஒருவர் அதை அச்ச நடுக்கமாகவும் மற்றவர் சின நடுக்கமாகவும் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வரலாறு தெரியாததால் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுவர் கதையை மொழிபெயர்த்தபோது, ஒரு சிறுவன் தன் தந்தையைக் குறித்து இந்த உணர்விலேயே வளர்ந்தான் என்ற வாக்கியம் வந்தது. நான் கொஞ்சமும் தயங்காமல் ‘தன் தந்தையை வியந்து வியந்து வளர்ந்தான்’ என்று எழுதிவிட்டேன். அடுத்த பக்கத்திலேயே அந்தச் சிறுவன் தந்தையின் செருப்பொலி கேட்டு, பாதி தின்ற பழத்தைச் சட்டைப் பைக்குள் ஒளிக்கிறான். வியப்பவன் பழத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்று அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அதே வேரிலிருந்து கிளைத்த இரு சொற்கள் எதிரெதிர்த் திசையில் போயின. ‘ஆஃபுல்’ முதலில் அச்சமும் வணக்கமும் தூண்டக்கூடியது என்ற மதிப்பான பொருளில் இருந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மிக மோசமான’ என்ற பொருளுக்கு இறங்கியது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய ‘ஆசம்’, கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பிரமாதம்’ என்பதற்கு ஈடாக மலிந்துவிட்டது. இதைக் கண்டு நாம் சிரிக்க முடியாது. ‘படம் பயங்கரமா இருக்கு’ என்று நாம் பாராட்டுகிறோம். ஒரு நடிகர் ‘மிரட்டியிருக்கிறார்’ என்று விமர்சனம் எழுதுகிறோம். அச்சச் சொல்லைப் புகழ்ச்சிக்குக் கடன் வாங்கும் பழக்கம் எல்லா மொழிக்காரர்களிடமும் இருக்கிறது போலும்.

இனித் தமிழுக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்வுகளை எண்ணும்போது, மருட்கை எனப்படும் வியப்பையும் அச்சத்தையும் தனித்தனியாகவே, ஆனால் அடுத்தடுத்து வைக்கிறது. மருட்கை பிறக்கும் இடங்களாகப் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கைக் கூறி, அதற்கு ‘மதிமை சாலா மருட்கை’ என்று அடைமொழி தருகிறது. அதாவது, அறிவு அளந்து முடிக்க முடியாத இடத்தில் வருவது மருட்கை. 2003-இல் டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் இந்த உணர்வை ஆராய்ந்து, பேரளவான ஒன்றை எதிர்கொள்வதும், ஏற்கெனவே மனத்தில் இருக்கும் சட்டகத்துக்குள் அது அடங்காததால் சட்டகத்தையே மாற்ற வேண்டியிருப்பதும் அதன் இரு கூறுகள் என்றார்கள். பெருமை, மதிமை சாலாமை என்ற இரண்டையும் அருகில் வைத்துப் பாருங்கள். ஆயினும் சிறுமையையும் தனியே சேர்த்த தொல்காப்பியரின் பட்டியலே எனக்கு நிறைவாகத் தோன்றுகிறது. ஓர் எறும்பை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, அதன் கண் பல சிறு கண்களின் தொகுப்பாக இருப்பதை முதன்முறை கண்ட குழந்தை வாயடைத்துப் போவதற்குப் பேரளவு எதுவும் தேவைப்படவில்லை.

மருட்கை, மருள் என்பதிலிருந்து வருவது. ‘மருண்ட மான்விழி’ என்று சொல்லும்போது நாம் மானின் வியப்பையா கூறுகிறோம்? அதன் அச்சத்தைத்தானே? ஆங்கிலச் சொல் அச்சத்தில் தொடங்கி வியப்புக்கு வந்தது என்றால், நம் சொல் மயக்கத்தில் நின்றுகொண்டு இரு பக்கமும் கை நீட்டுகிறது.

அச்சத்துக்கு உரிய நான்கில் தொல்காப்பியர் முதலில் சொல்வது அணங்கு. விலங்கு, கள்வர், இறை எல்லாம் அதற்குப் பின்னர்தான். சங்க காலத்து அணங்கு என்பது வருத்தும் தெய்வ ஆற்றல். பார்த்தவரைத் தாக்குவது, அதே வேளையில் பார்வையை விலக்கவும் விடாதது. ‘அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ’ என்று தொடங்கும் 1081-ஆம் குறளில், எதிரில் நிற்பவள் தெய்வமா, மயிலா, பெண்ணா என்று தெரியாமல் தலைவனின் நெஞ்சு மயங்குகிறது. அழகும் ஆபத்தும் பிரியாத அந்த ஒற்றைக் கணத்துக்கு, அந்த ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல்லை நான் கண்டதில்லை. ஆனால் அதுவும் மென்மையாகிவிட்டது. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயத்தில் சுந்தரம் பிள்ளை ‘தமிழணங்கே’ என்று விளித்ததை நாம் பாடும்போது, யாருக்கும் உடல் நடுங்குவதில்லை.

ஆகவே மூன்றாம் கேள்விக்கு என் விடை: எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சொல் இல்லை. இறைவன் முன் என்றால் ‘பயபக்தி’ மிகச் சரியாக அமையும். ஜெர்மானியரும் ‘ஏர்ஃபுர்க்ட்’ என்று மதிப்பையும் அச்சத்தையும் இதே போல் ஒட்டித்தான் வைத்திருக்கிறார்கள். வானத்தின் முன்னும் அருவியின் முன்னும் ‘மலைப்பு’ அல்லது ‘பிரமிப்பு’ போதும். ‘வியப்பு’ என்பதை அச்சத்தின் சாயலே இல்லாத இடத்துக்கு ஒதுக்கிவைப்பேன். தந்தை, ஆசிரியர் போன்ற மனிதர் முன் என்றால், நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் ‘பயம் கலந்த மரியாதை’யே போதுமானது. அந்தச் சிறுவர் கதையின் இரண்டாம் பதிப்பில், அவன் ‘தந்தையிடம் பயம் கலந்த மரியாதையோடு வளர்ந்தான்’ என்று திருத்திவிட்டேன். பழத்தை ஒளிப்பதற்கு இப்போது அவனுக்குக் காரணம் இருக்கிறது.