"இதில எது அப்பா?"

வணக்கம் ஐயா,

நான் திருகோணமலையில் தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். போன மாதம் பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். கோட்டைக்குள் குரங்குக் கூட்டம். வயிற்றைப் பற்றித் தொங்கும் குட்டியோடு ஒரு தாய் மதிலில் நடந்தது. "ரீச்சர், இதில எது அப்பா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். குரங்கில் அப்படிச் சொல்ல ஏலாது, மனிதருக்குக் கிட்டிய சிம்பன்சியில்தான் தாயும் தகப்பனும் சேர்ந்து வளர்க்கும் என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

*

அன்புள்ள ரீச்சர்,

முற்பாதி சரி, பிற்பாதி பிழை. ஆண் சிம்பன்சி குட்டி வளர்ப்பில் பங்கெடுப்பதில்லை. தன் குட்டி எதுவென்று அதற்கே திட்டமாகத் தெரியுமா என்பது சந்தேகம்.

சேர்க்கை முறை அப்படி. கருத்தரிக்கும் நாட்கள் நெருங்கும்போது பெண் சிம்பன்சியின் பின்புறம் இளஞ்சிவப்பாக வீங்கும், தூரத்திலிருந்தே தெரியும். அந்த நாட்களில் கூட்டத்து ஆண்கள் பலரோடும் சேரும். முகம் சுளிக்க வேண்டாம். சிம்பன்சி ஆண்கள் குட்டிகளைக் கொல்வதுண்டு. 'என்னுடையதாகவும் இருக்கலாம்' என்ற நிலை பல ஆண்களுக்கு இருந்தால் குட்டி தப்பும் என்பது ஆய்வாளர்கள் பலரின் விளக்கம். தகப்பன் இன்னாரென்று தெரியாததே அங்கே குட்டிக்குக் காவல்.

ஆகவே பாரம் முழுக்கத் தாய்க்கு. ஏறக்குறைய 8 மாதம் சுமந்து, அநேகமாக ஒரேயொரு குட்டி. பிறந்தது தாயின் வயிற்று மயிரைப் பற்றிக்கொள்ளும். பிடி இன்னும் உறுதிப்படாததால் தாய் அடிக்கடி ஒரு கையால் அணைத்துக்கொண்டே நடக்க வேண்டும். சில மாதம் போக, முதுகில் சவாரி. இரவில் தாயின் கூட்டிலேயே படுக்கை. பால் மறக்க 4, 5 வருடம். அடுத்த பேறு பெரும்பாலும் 5, 6 வருடம் கழித்து. உங்கள் கோட்டைக் குரங்கு அதற்குள் இரண்டு மூன்று ஈன்றுவிடும்.

பால் மறந்தாலும் தாய் மறப்பதில்லை. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960இல் ஆய்வு தொடங்கிய தன்சானியாவின் கொம்பேக் காட்டில், ஃபுளோ என்ற கிழத் தாய்ச் சிம்பன்சி 1972இல் இறந்தது. மகன் ஃபிளின்ட்டுக்கு அப்போது எட்டு வயதளவில். தானே தேடித் தின்னக்கூடிய வயதுதான். ஆனால் தின்னாமல் ஒடுங்கி, நோய்ப்பட்டு, சில வாரங்களில் அதுவும் போய்விட்டது.

உருவத்தையும் வகுப்பில் சொல்லலாம். சிம்பன்சிக்கு வால் கிடையாது, கை காலைவிட நீளம். குட்டியின் முகம் வெளிறியிருந்து வயதாக ஆகக் கறுக்கும். பின்புறத்தில் ஒரு வெள்ளை மயிர்க்கொத்து இருக்கும். அது தெரியும் வயதுவரை குட்டி பெரியவர்கள் மேல் ஏறி மிதித்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பிறகு அடி விழத் தொடங்கும். (நம் பிள்ளைகளுக்கு அப்படியொன்று இல்லாதது யார் செய்த புண்ணியமோ!)

ஆண்களை முற்றாகக் கைகழுவவும் மனமில்லை. ஐவரி கோஸ்டின் டாய் காட்டில், தாயிழந்த குட்டிகளை வளர்ந்த ஆண்களும் எடுத்து வளர்த்திருக்கின்றன. முதுகில் சுமந்திருக்கின்றன, உடைத்த கொட்டையில் பங்கு கொடுத்திருக்கின்றன. மரபணுவைச் சோதித்துப் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை அந்தக் குட்டிகளின் தகப்பன் அல்ல. கொம்பேயிலோ, ஆண்கள் தம் குட்டியை வைத்திருக்கும் தாயின் அருகில் சற்றுக் கூடுதலாகத் திரிவதாகக் கண்டிருக்கிறார்கள். அதற்கு மேல் உரிமை கொண்டாட ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஓர் அப்பாவைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் சுமாத்திராவின் சியாமாங்கைக் காட்டுங்கள். வாலில்லாத மரவாசி, ஆணும் பெண்ணும் பெரும்பாலும் சோடியாக வாழும், குட்டிக்கு ஒரு வயதானதும் பல இடங்களில் தகப்பனே தூக்கித் திரியும். ஆனால் நமக்கு அது சிம்பன்சியைவிடத் தூரத்துச் சொந்தம். 'கிட்டிய இனம்' என்ற காரணத்தை மட்டும் பாடத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.