வெயிலில் வெளுக்கும் பலகை: வாசகர் கேள்விகள்

கே: மொட்டை மாடியில் டபிள்யூ.பி.சி. பலகை போட்டோம். ஒரே கோடையில் சாம்பல் நிறமாகிவிட்டது. பெயின்ட்டே அடிக்காதது எப்படி வெளுக்கும்?

ப: அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கலவை. மரத்தூளில் நாரைப் பிடித்துவைக்கும் பசை போன்ற லிக்னின், வெயிலின் புற ஊதாக் கதிரில் சிதையும், மழை கழுவிவிடும், வெளிறிய நார்தான் மிஞ்சும்.

கே: 'பட்டைச் சாறு கலந்த இயற்கைப் பாதுகாப்பு' என்று சதுர அடிக்குக் கூடுதல் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

ப: விஷயம் பொய்யில்லை. கருவேலம்பட்டை, கடுக்காயில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், காகித ஆலையில் மிஞ்சும் லிக்னின், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயின் கார்டனால் எல்லாமே ஃபீனால் என்ற வேதிப்பொருள் வகை. புற ஊதாவைத் தாமே வாங்கிக்கொள்ளும், வெயிலில் உருவாகி பிளாஸ்டிக்கை அரிக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற துகள்களை மடக்கும். ஆனால் அந்த வேலையிலேயே தீர்ந்தும் போகும். கார்பன் கருப்பு, இரும்பு ஆக்சைடு போன்ற நிறமிகளோடு சேர்ந்து வந்தால் நம்பலாம். தவிர, டானினும் லிக்னினும் பழுப்பு நிறம் ஏற்றுபவை. யானைத்தந்த வெள்ளையில் பலகையைக் காட்டி 'பட்டைச் சாறு' என்றால் நடையைக் கட்டுங்கள்.

என் ஆத்திரமெல்லாம் உத்தரவாதச் சீட்டின் மேல்தான். முன்பக்கம் 'ஆயுள் முழுக்க', பின்பக்கம் பொடி எழுத்தில் 'நிறம் மங்குதல் சேராது'. நான் வாங்கிய பெஞ்சுக்குப் பத்து வருட உத்தரவாதம், கரையானுக்கு மட்டும். நிறத்தை வெளுக்க வைப்பது கரையானா? ஆய்வகத்தில் செயற்கை வெயில் காட்டிப் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 4892 சோதனையில் எத்தனை மணி நேரம் வைத்தார்கள், நிறம் எவ்வளவு மாறியது என்று எழுத்தில் கேளுங்கள். விழித்தால் கூடுதல் காசு வேண்டாம்.

கே: வேப்பெண்ணெய் தடவினால் பழைய நிறம் வருமா?

ப: வராது. தூசி ஒட்டும்.

கே: ஆன்லைனில் பாதி விலை. 'உட்புறப் பயன்பாட்டுக்கு' என்று இருந்ததைக் கவனிக்காமல் பால்கனியில் போட்டேன், வளைந்துவிட்டது. பணம் திரும்புமா?

ப: திரும்பாது. வாங்கும் முன் படித்திருக்க வேண்டும்.

கே: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். பில்லில் 'வெளிப்புறத் தரம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. அறைக்கதவுக்குப் போடும் பி.வி.சி. பலகை இது என்கிறார் தச்சர். 'வெயில்னா அப்படித்தான்' என்கிறது கடை.

ப: அப்படித்தான் இல்லை, டீச்சர். பில்லில் எழுதியது ஒன்று, கொடுத்தது வேறு. நியாயம் உங்கள் பக்கம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போக வேண்டும். தச்சர் சொன்னதை எழுதி வாங்குங்கள். வெயில் படாத மீதித் துண்டு இருந்தால் பழைய பேப்பரில் சுற்றிப் பீரோவில் வையுங்கள். மஞ்சளான பலகைக்குப் பக்கத்தில் அதை வைத்துக் காட்டலாம்.