பழைய வெப்லி ரிவால்வர் விற்பனைக்கு வருகிறது. கேட்கும் விலைக்குத் தகுமா?

கேள்வி கேட்டவர் மேலூர்க்காரர். அவர் எழுதியதன் சுருக்கம் இது: ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரின் குடும்பத்திலிருந்து பழைய வெப்லி சர்வீஸ் ரிவால்வர் (இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெப்லி கம்பெனி செய்த ராணுவக் கைத்துப்பாக்கி) ஒன்று விற்பனைக்கு வருகிறது. தன்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. ரிவால்வர் பளபளவென்று பார்க்க அழகாக இருக்கிறது. கேட்கும் விலைக்குத் தகுமா, எதைப் பார்த்து முடிவு செய்வது?

மதுரையில் லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் பல வருடம் ரிப்பேர் மேசையில் உட்கார்ந்தவன் நான். கைக்கு வந்த எல்லாத் துப்பாக்கிகளிலும் வெப்லி மேல் எனக்குத் தனிப் பிரியம். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அழகைப் பிறகு பார்க்கலாம். முதலில் அது என்ன போர் (bore), அதாவது குழலின் உள் அளவு அங்குலத்தில் எவ்வளவு என்று பாருங்கள். நம் நாட்டில் விலையை முக்கால்வாசி தீர்மானிப்பது அந்த எண்தான். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த அசல் சர்வீஸ் ரிவால்வர்கள் பெரும்பாலும் இரண்டு அளவில் வரும். ஒன்று .455. ராணுவம் 1887ல் வெப்லியை ஏற்றுக்கொண்டது; அந்த வரிசையில் கடைசியாக 1915ல் வந்தது மார்க் 6. ஆறு அங்குலப் பேரல் (குழல்), கையில் எடுத்தால் ஒரு கிலோவுக்கு மேல் கனம். இன்னொன்று .380. 1930களில் வந்த என்ஃபீல்டு நம்பர் 2, இரண்டாம் உலகப் போரின்போது ராணுவம் வாங்கிய வெப்லி மார்க் 4, அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல் எல்லாம் இந்த அளவு.

இந்த இரண்டுமே நம் ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட போர். .380 அல்லது .455 தோட்டாவை ஏற்றிச் சுட முடிகிற எந்த ரிவால்வரும் அதில் அடங்கும். பெயர் என்ன, கம்பெனி எது என்பதெல்லாம் கணக்கில்லை. மாவட்டத்தில் கலெக்டரோ, மதுரை நகரத்துக்குள் போலீஸ் கமிஷனரோ தருகிற சாதாரண லைசென்ஸில் அது ஏறாது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டில் ஏலத்துக்குப் போனால் ஆள் ஆளுக்குக் கை தூக்குகிற ஒரு மார்க் 6, மேலூரில் வாங்க ஆளில்லாமல் டீலரின் இரும்புப் பெட்டியில் கிடக்கும். உங்களுக்குக் காட்டியது அந்த இரண்டில் ஒன்று என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேரலை மாற்றி, போரை மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"நூறு வருஷத்துப் பொருள்தானே, ஆன்டிக் என்று ஷோகேஸில் வைத்துக்கொள்கிறேன்" என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் ரிப்பேர் பார்த்தாலும்கூடச் சுட முடியாது என்கிற நிலையில் அது இருக்க வேண்டும். வெப்லி அப்படிப்பட்ட சாமான் இல்லை. எத்தனை வயதானாலும் எண்ணெய் போட்டுத் துடைத்தால் சுடும்.

சரி, நம் பக்கத்து வீடுகளில் "சர்வீஸ் ரிவால்வர்" என்று பீரோவிலிருந்து எடுத்துக் காட்டுவதில் பெரும்பகுதி என்ன? .32 போர் வெப்லி அண்ட் ஸ்காட் மார்க் 4. ராணுவத்துக்குப் போன மார்க் 4ன் அதே அமைப்பு, ஆனால் சிவிலியன்களுக்கு விற்றது. அதிகாரிகளும் மிராசுதார்களும் எஸ்டேட்காரர்களும் சொந்த லைசென்ஸில், சொந்தக் காசில் வாங்கியது. இதற்குத் தடை இல்லை. புனேயில் இருக்கும் கிர்க்கி தொழிற்சாலைத் தோட்டா இதற்குப் பொருந்தும். உங்களுடையது இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் தாராளமாக மேலே பேசலாம். ஆனால் "சர்வீஸ்", "வெள்ளைக்காரன் காலத்து ராணுவ அயிட்டம்" என்ற கதைக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மவுசு என்றால், 1980களின் நடுவோடு தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனது. அதற்கு முன் உள்ளே வந்தவைதான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் வெப்லியின் அமைப்பைத்தான் பின்பற்றுகிறது. சில வருடங்களாக உத்தரப் பிரதேசத்தில் வெப்லி பெயரிலேயே .32 தயாரிக்கிறார்கள். என்ன செய்வீர்கள் என்றால், புது .32 இன்று என்ன விலை என்று இரண்டு டீலரிடம் கேட்டு அதை அளவுகோலாக மனதில் வையுங்கள். நல்ல நிலையில், எதுவும் மாற்றப்படாத பர்மிங்காம் வெப்லி அதற்கு மேல் போவது நியாயம். குழல் அரித்ததோ, மெருகு போட்டதோ அதற்குக் கீழேதான் பேச வேண்டும், மேலே என்ன பெயர் அடித்திருந்தாலும்.

இப்போது கையில் வாங்கிப் பார்க்கும் விஷயம். உரிமையாளர் முன்னால், அவர் சம்மதத்தோடு மட்டும் செய்யுங்கள். குழல் வாய் யாரையும் பார்க்காமல், விரல் டிரிகரில் படாமல், முதலில் திறந்து தோட்டா போடும் ஆறு அறையும் காலி என்று பார்த்துவிடுங்கள். இடது பக்கத்தில் இருக்கும் தாழைக் கட்டைவிரலால் அழுத்தினால் பேரல் கீழே மடியும். மடியும்போது அந்த ஆறு அறை உள்ள சிலிண்டரின் நடுவிலிருந்து நட்சத்திரம் போன்ற எக்ஸ்ட்ராக்டர் மேலே எழுந்து, முழுதாகத் திறந்ததும் டக்கென்று உள்ளே இறங்கும். சுட்ட கூடுகள் ஆறையும் ஒரே தள்ளில் வெளியே கொட்டுகிற ஏற்பாடு அது. எனக்கு வெப்லியின் மேல் ஆசை வந்ததே இந்த ஒரு அசைவினால்தான். எக்ஸ்ட்ராக்டர் தயங்கினாலோ, பாதியில் நின்றாலோ உள்ளே ஸ்பிரிங்கோ நெம்பியோ தேய்ந்திருக்கிறது. அந்தச் சின்ன உதிரிப்பாகம் கிடைப்பது பெரும்பாடு.

மூடியபின் ஒரு கையில் பிடியையும் மறு கையில் பேரலையும் பிடித்து மெதுவாக அசையுங்கள். கீலிலோ மேல் தாழிலோ ஆட்டம் தெரியக்கூடாது. சினிமாவில் ஒற்றைக் கையால் உதறித் திறப்பதும் உதறி மூடுவதும் பார்த்து வீட்டில் செய்து பழகியவர்களின் ரிவால்வரில் இந்த ஆட்டம் கட்டாயம் இருக்கும். இதுதான் விலையைப் பெரிதாக வெட்டுகிற குறை.

சிலிண்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சும்மா இருக்கும்போது வெப்லி சிலிண்டர் கொஞ்சம் ஆடும். அது குறை இல்லை. ஹேமரை (பின்னால் இருக்கும் சுத்தியலை) இழுத்து, கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்கி, டிரிகரைப் பின்னால் பிடித்தபடி சிலிண்டரை அசைத்துப் பாருங்கள். அப்போது கல் மாதிரி நிற்க வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் ஆடினால் அறை பேரலுக்கு நேராக வந்து நிற்பதில்லை என்று அர்த்தம். சுட்டால் ஈயம் சீவித் தெறிக்கும். காலித் துப்பாக்கியைச் சடக் சடக்கென்று அடித்துப் பார்க்காதீர்கள், தோட்டாவை அடிக்கும் பழைய ஊசி முறிந்துவிடும். பேரலுக்குள் பார்க்கத் திறந்த நிலையில் பின்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வாய்ப் பக்கமிருந்து பாருங்கள். குழலுக்குள் சுருளாக ஓடும் வரிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் துரு தின்ற குழி, எந்தத் துணியாலும் போகாது.

அப்புறம் அந்தப் பளபளப்பு. எனக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான். ஒருமுறை திருமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பி தன் அப்பாவின் .32 வெப்லியைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி நிக்கல் பூச்சு. எங்கள் கடையின் மூத்த மிஸ்திரி கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, "இதை யாருப்பா தேய்ச்சது?" என்றார். நிக்கலுக்கு முன்னால் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து நன்றாகத் தேய்த்திருந்தார்கள். பர்மிங்காமில் சுட்டுச் சோதித்து அடிக்கும் முத்திரையில் பாதி இல்லை. எழுத்துகளின் விளிம்பு மழுங்கி மெழுகு உருகினாற்போல் இருந்தது. ஸ்க்ரூ துளைகளைச் சுற்றி உலோகம் சின்னக் குழியாக உள்வாங்கியிருந்தது. ஸ்க்ரூ தலைகளின் வெட்டுகள் சிதைந்து கிடந்தன. அளவு சேராத திருப்புளி போட்டு யாரோ பலமுறை பிரித்திருக்கிறார்கள். தம்பி நல்ல விலையை எதிர்பார்த்து வந்தவர். மிஸ்திரி சொன்ன தொகையைக் கேட்டு முகம் சுண்டிப்போனது. அதே காலத்தில் கே.கே.நகர் குடும்பம் ஒன்றிலிருந்து வந்த இன்னொரு .32, அசல் நீலப் பூச்சு பழுத்துப் பழுப்பாகி, சிலிண்டர் ஓரம் உறையில் உரசி வெளுத்திருந்தது. பார்க்க மங்கல்தான். ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் நகத்தில் தட்டுப்பட்டது. ஃபிரேம், பேரல், சிலிண்டர் எல்லாவற்றிலும் எண் ஒத்துப்போனது. அதை மிஸ்திரி கீழே வைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். விலையும் அதற்குத்தான் அதிகம் போனது.

முத்திரைகளை ஆசையோடு பாருங்கள். பழைய ரிவால்வரின் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. அகன்ற அம்புக்குறி பிரிட்டிஷ் அரசின் சொத்து என்ற அடையாளம். அம்புக்குக் கீழே ஆங்கில ஐ எழுத்து இருந்தால் இந்திய அரசு. இரண்டு அம்புகள் முனையோடு முனை எதிரெதிராக இருந்தால் அரசு அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது என்று பொருள். போர்க்காலத்தில் அவசரமாக, மெருகு குறைவாகச் செய்த மார்க் 4களில் "வார் ஃபினிஷ்" என்றே அடித்து அனுப்பினார்கள். இதெல்லாம் ராணுவ ரிவால்வர்களின் அடையாளங்கள். உங்களுக்குக் காட்டும் .32ல் ஒற்றை அம்பு மட்டும் இருந்தால், அரசுச் சொத்து எப்படி இந்தக் குடும்பத்துக்கு வந்தது என்பதற்குக் காகிதம் கேளுங்கள்.

நம் ஊருக்கே உரிய சில பாதிப்புகளையும் தேடிப் பாருங்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து அப்படியே உள்ளே வைத்துவிடுவார்கள். அந்த ஈரம் நின்ற இடத்தில் வட்டமாகத் துருக்குழி இருக்கும், பெரும்பாலும் ஃபிரேமின் பக்கவாட்டில். தேங்காய் எண்ணெய் தடவி வைத்தது நாள்பட்டுக் காறி, தூசி பிடித்து, உள்ளே பிசுபிசுவென்று அடைந்திருக்கும். இது கழுவினால் போகிற குறைதான், விலை குறைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்க வேண்டும் அல்லவா, தோல் உறையோடு சேர்த்துக் கொடுத்து வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் உறையின் ஈரத்தில் பேரலின் ஒரு பக்கம் முழுக்கத் துரு ஏறும். பிடியின் தகடுகளைக் கழற்றிக் காட்டச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். வெளியே எவ்வளவு துடைத்தாலும் அடியில் இருக்கும் துரு மறையாது.

விலை படிந்தாலும் காகிதம் சரியில்லை என்றால் வேண்டாம். ரிவால்வரில் இருக்கும் எண்ணும் அவர்கள் லைசென்ஸில் இருக்கும் எண்ணும் எழுத்து எழுத்தாக ஒத்துப்போக வேண்டும். அதிகாரி காலமாகிவிட்டார் என்றால் துப்பாக்கி ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். வீட்டு பீரோவிலிருந்து எடுத்து விற்கிற உரிமை யாருக்கும் இல்லை. வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் வாங்கி விற்கலாம், அல்லது டீலர் வழியாகப் போகலாம். லைசென்ஸ்தாரர் நேரடியாக விற்பதென்றால் எழுத்து மூலம் தகவல் கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். உங்களிடம் ஏற்கெனவே வயல் காவலுக்கு ஒற்றைக் குழலும் வேறொன்றும் இருந்தால் ஒன்றைக் கொடுத்த பிறகே இதை வாங்க முடியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் லைசென்ஸில் கைத்துப்பாக்கி வாங்க அனுமதி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்து வாங்கிவிட்டால் தோல் உறையைத் தனியாக வையுங்கள், ரிவால்வரைத் தனியாக வையுங்கள். துப்பாக்கி எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் துடைத்தால் போதும். மங்கலாக இருக்கிறதே என்று பஃபிங் கடைக்கோ நிக்கல் பூச்சுக்கோ மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஆயுத பூஜை அன்று பொட்டு வையுங்கள், வைத்த அன்று இரவே துடைத்துவிடுங்கள்.