அம்மாவுக்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி

கேள்வி: ஸ்காபரோ தென்மேற்குத் தொகுதியில் இருந்தவரை என்டிபிக்கே (புதிய ஜனநாயகக் கட்சி) வாக்களித்து வந்தேன். இப்போது வீடு மாறி ஸ்காபரோ கில்ட்வூட்டுக்கு வந்துவிட்டேன். மகன் பழைய வீட்டில்தான் இருக்கிறார். கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தில் கொன்சர்வேட்டிவ் ஆட்சி மாறவேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம். ஆனால் அவர், "என்டிபிக்குப் போட்டால் வாக்குப் பிரிந்து கொன்சர்வேட்டிவ்தான் வெல்லும், நாங்கள் எல்லாரும் லிபரலுக்குப் போடுவம் அம்மா" என்கிறார். பிடித்த கட்சியை விட்டுவிட்டு மாற்றிப் போடுவது சரியா?

பதில்: சரியா பிழையா என்பது பிறகு. முதலில் மகனின் கணக்கைப் பார்ப்போம்.

வாக்குப் பிரியும் என்று அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2018இல் லிபரலின் 15 வருட ஆட்சி போதும் என்ற கோபம் மாகாணம் முழுக்க இருந்தது. அந்தக் கோபம் இரண்டு பக்கமாகப் போனது. கொன்சர்வேட்டிவ் 40.5 வீத வாக்கில் 124 ஆசனங்களில் 76ஐ அள்ளியது, என்டிபிக்கு 33.6 வீதத்துக்கு 40 ஆசனம். உங்கள் கில்ட்வூட்டில் அந்த வருடம் லிபரலின் மிட்சி ஹன்டர், கொன்சர்வேட்டிவ் சார்பில் நின்ற ரொஷான் நல்லரட்ணத்தை வென்றது வெறும் 74 வாக்குகளால். ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருக்கும் ஆட்கள்கூட இல்லை! அங்கே என்டிபி மூன்றாவது இடம்.

மகன் சறுக்குவது "எல்லாரும்" என்ற சொல்லில். 2025இல் லிபரல் 30 வீத வாக்கு எடுத்தும் 14 ஆசனம்தான் கிடைத்தது. என்டிபி 18.6 வீதத்தோடு 27 ஆசனம் பிடித்து எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. மாகாணக் கருத்துக்கணிப்பில் யார் இரண்டாவது என்று பார்த்துப் போடுகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. நாங்கள் வாக்களிப்பது தொகுதியில். பக்கத்துத் தொகுதிக்குப் போனாலே விடை மாறிவிடும்.

அதனால் வாக்களிக்க முன் ஒன்றாரியோ தேர்தல் திணைக்களத்தின் இணையத்தளத்தில் உங்கள் தொகுதியின் கடந்த முடிவுகளைப் பாருங்கள். முதல் இருவருக்கும் இடைவெளி சில நூறு என்றால் மாற்றிப் போடுவதற்குப் பொருள் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல ஆயிரம் என்றால் மனதுக்குப் பிடித்ததையே போடுங்கள். தோற்றாலும் அந்தக் கட்சிக்கு இங்கே எத்தனை பேர் என்று தெரியவாவது தெரியும். வேட்பாளர் மாறினால் பழைய கணக்கும் மாறலாம், அதையும் பாருங்கள்.

அப்புறம், மகனின் தொகுதி. 2018, 2022, 2025 மூன்று பொதுத் தேர்தல்களிலும் அங்கே வென்றது என்டிபி. அவருடைய கணக்குப்படியே பார்த்தால் கட்சி மாறுவதா என்று யோசிக்கவேண்டியது நீங்கள். அவர் என்டிபிக்குத்தான் போடவேண்டும். இதை அவரிடம் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.