திட்டினால்தான் தங்கம் வருமா?

அன்புள்ள அக்கா,

ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன் ரஷ்யாவின் ரிதமிக் ஜிம்னாஸ்ட் மார்கரீட்டா மாமூன் எடுத்த பயிற்சியைப் பற்றிய ஆவணப்படம் பார்த்தேன். தலைமைப் பயிற்சியாளர் இரினா வினெர் அவளைத் திட்டும் திட்டு காதால் கேட்க முடியவில்லை. ஆனாலும் தங்கம் வாங்கிவிட்டாளே! என் மகளுக்கு 11 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் கற்கிறாள். அவள் கோச்சும் கடுமையானவர்தான். பொறுத்துப் போகலாமா? நம் நாட்டில் இதற்கு எதிர்காலம் உண்டா?

செ., கோவை

அன்புள்ள செ.,

எதிர்காலக் கணக்கையெல்லாம் 11 வயதில் போடாதீர்கள். ‘ஆனாலும் தங்கம் வாங்கிவிட்டாளே’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துத்தான் கோபம் வந்தது.

2016 ஆகஸ்ட் 20 அன்று ரியோவில் அதே வினெரின் அணியிலிருந்து இன்னொருத்தியும் ஆடினாள். யானா குத்ரியாவ்ச்சேவா. 2013, 2014, 2015 மூன்று ஆண்டும் உலக சாம்பியன். பின்னிரண்டு முறையும் மாமூனுக்கு இரண்டாமிடம்தான். இந்த ஆட்டத்தில் வளையம், பந்து, கிளப், ரிப்பன் என்று நான்கோடும் தனித்தனியாக ஆட வேண்டும், நான்கு மதிப்பெண்ணையும் கூட்டித்தான் பதக்கம். ரியோவிலும் வளையத்தில் 19.225, பந்தில் 19.250 என்று யானாதான் முன்னால் இருந்தாள். மூன்றாவது கிளப். நம் கர்லாக்கட்டையைச் சின்னதாகச் செய்தது மாதிரி இரண்டு கட்டைகள். ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு கட்டை கைக்குச் சிக்காமல் தரையில் விழுந்தது. 17.883. திரும்பி வந்து ரிப்பனில் மறுபடி 19.250 எடுத்தாள், அது மாமூனைவிடக் கூட. மொத்தம் மாமூன் 76.483, யானா 75.608. கிளப்பில் 19 வாங்கியிருந்தால்கூட யானாவுக்குத்தான் தங்கம். அப்போது மாமூன் வெள்ளியோடு நின்றிருப்பாள், வாங்கிய திட்டில் ஒன்றும் குறைந்திருக்காது. ‘திட்டியதால்தான் வெள்ளியோடு போயிற்று’ என்று எனக்கு எழுதியிருப்பீர்களா?

அந்தக் கோடையில் மாமூனின் அப்பா புற்றுநோயோடு இருந்தார். வங்கதேசத்துக்காரர், மரைன் இன்ஜினியர். மகள் தங்கம் வாங்கிய சில நாட்களில் இறந்துபோனார். 20 வயதுப் பெண், அந்த பாரத்தோடு, 6 மீட்டர் ரிப்பனில் ஒரு முடிச்சு விழாமல் சுழற்றி 19.233 எடுத்திருக்கிறாள். அந்தப் பெருமையைத் திட்டியவர் கணக்கில் எழுத எப்படி மனசு வருகிறது உங்களுக்கு? யானா 19 வயதில் ஓய்வு பெற்றாள், மாமூன் 22 வயதில்.

எங்கள் பள்ளியில் ஒருத்தி உயரம் தாண்டுவாள். பின்னலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு ஓடி வருவாள். மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் எல்லோர் முன்னாலும் அவள் எடையைச் சொல்லிச் சிரித்தார் பயிற்சியாளர். மறுநாள் அவள் வரவில்லை, அதன் பிறகு மைதானம் பக்கமே வரவில்லை. அவளைப் பற்றி யாராவது படம் எடுத்திருந்தால் கண்டிப்பின் மகிமையைப் பற்றி இவ்வளவு பேச்சு இருந்திருக்காது.

கோச் கடுமையானவர் என்று எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. பயிற்சி முடிந்து உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது அவள் வளவளவென்று பேசுகிறாளா, வாயை மூடிக்கொண்டு வருகிறாளா? முதலில் அதைக் கவனித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.